ஸ்டீயரிங் பயங்கரமா உதறுது, அவசரம்

பாலக்கோடு லோடு:
அண்ணன்மார்களே அவசரம். ஓட்டிட்டு இருக்கும்போதே ஸ்டீயரிங் ரெண்டு பக்கமும் அடிச்சு ஆடுது. புடிச்சு நிறுத்த முடியல, கேபினே உதறுது. நேத்து ராத்திரி தொப்பூர் கணவாய் இறக்கத்துல வந்துருச்சு, கையெல்லாம் நடுங்கிப் போச்சு. பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் பண்ணியாச்சு. நாளைக்குக் காலைல தக்காளி லோடு ஏத்தணும். எதை மாத்தணும்னு மட்டும் சொல்லுங்க.

ஓசூர் டயர்:
என்ன வண்டி? எந்த ஸ்பீடுல வருது? காலியாவா, லோடோடயா? டயர் நைலானா ரேடியலா? முன்னாடி ரீட்ரெட் (பழைய டயர்ல புது ரப்பர் ஒட்டினது) போட்டிருக்கீங்களா?

நெடுஞ்சாலை 44:
பிக்கப்பா மினி லாரியான்னு கூட சொல்லலியேப்பா. பவர் ஸ்டீயரிங்கா?

மலை ஜீப்:
இது டிராக் பார்தான் (ஆக்சில் பக்கவாட்டுல நகராம சேசிஸோட புடிக்கிற கம்பி), வேற எதையும் பாக்காதீங்க. என் ஜீப்புல இதே ஆட்டம். டிராக் பார் புஷ்ஷும் போல்ட்டும் மாத்தினதும் நின்னுச்சு. போல்ட் போற ஓட்டை நீள்வட்டமா தேஞ்சிருக்கும், டார்ச் அடிச்சுப் பாருங்க. கூடவே ஸ்டீயரிங் டேம்பர் (உதறலை அடக்குற ஷாக் அப்சார்பர்) ஒண்ணு போட்டுடுங்க, முடிஞ்சது.

பழைய ஸ்பேனர்:
வண்டி என்னன்னே தெரியாம மருந்து எழுதுறதை இந்த இடத்துல எத்தனை தடவை கண்டிக்கிறது? காயில் ஸ்பிரிங் ஜீப்புக்குத்தான் டிராக் பார். பட்டை ஸ்பிரிங் (லீஃப் ஸ்பிரிங்) வண்டில ஆக்சிலைப் பக்கவாட்டுல நகர விடாம புடிக்கிறது பட்டையேதான். முதல்ல ஒரு முன் ஆக்சிலுக்கு அடியில படுத்துப் பாத்துட்டு வந்து பதில் போடுங்க.

மலை ஜீப்:
மரியாதையா பேசுங்க சார். பட்டை ஸ்பிரிங்குக்கு டிராக் பாரே கிடையாதுன்னு சொல்றதும் தப்பு. 1987 மாடல் ராங்ளர் ஒய்ஜே பட்டை ஸ்பிரிங்தான், அதுல டிராக் பார் உண்டு.

பழைய ஸ்பேனர்:
அந்த ஜீப்புல பாலக்கோட்டுல யாரும் தக்காளி ஏத்துறதில்ல.

பாலக்கோடு லோடு:
டாடா 407 மினி லாரிணா. பழசு, போன வருஷம் வாங்கினது. பவர் ஸ்டீயரிங் இல்ல. டயர் நைலான், முன்னாடி ரெண்டும் புதுசு. 50, 55ல போகும்போது பாலத்து ஜாயிண்ட்லயோ பள்ளத்துலயோ ஒரு சக்கரம் விழுந்தா கிளம்புது. 25க்கு வந்தாத்தான் நிக்குது. காலியா திரும்பும்போது அதிகம்.

கிரீஸ் கை:
தம்பி, இப்ப சொன்னதுல பாதி விடை இருக்கு. இது பேலன்சிங் கோளாறு மாதிரி தெரியல. பேலன்ஸ் இல்லாத சக்கரத்துக்குப் பள்ளம் தேவையில்ல. நல்ல ரோட்லயே ஒரு ஸ்பீடு வந்ததும் தானா உதறும், அந்த ஸ்பீடைத் தாண்டினா சில வண்டில குறையவும் செய்யும். உன்னோடது பள்ளத்துல விழுந்ததும் கிளம்பி, வேகம் குறையுற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கு. 407ல முன் சக்கரம் ரெண்டும் ஒரே ஐ-பீம்ல, அதாவது ஒரே இரும்பு ஆக்சில்ல உக்காந்திருக்கு, ரெண்டையும் இணைக்கிற ஒரே டை ராட் கம்பில கட்டியிருக்கு. ஒண்ணு ஏறி இறங்கினா மத்ததும் சேர்ந்து திரும்பும். மூட்டெல்லாம் இறுக்கமா இருந்தா ஒரு ஆட்டத்தோட அடங்கிடும். எங்கயோ பிளே (தேஞ்சு வந்த லூஸ்) இருந்தா அந்த இடைவெளிக்குள்ள போய்ப் போய்த் திரும்பும்.

எதையும் வாங்காதே. முதல்ல பாரு. சக்கரம் தரையிலயே இருக்கட்டும், ஜாக்கி வேணாம். கூட ஒருத்தரை உக்கார வெச்சு ஸ்டீயரிங்கை இடம் வலம் சின்னதா வெட்டி வெட்டி ஆட்டச் சொல்லு. நீ கீழ படுத்து ஒவ்வொரு மூட்டுலயும் விரலை வெச்சுப் பாரு. ஸ்டீயரிங் பாக்ஸை சேசிஸ்ல புடிச்சிருக்கிற போல்ட், டிராப் ஆர்ம் (பாக்ஸ்ல இருந்து தொங்குற கை), டிராக் லிங்க் (அதுல இருந்து சக்கரத்துக்குப் போற கம்பி) ரெண்டு முனை, டை ராட் எண்ட் ரெண்டும். ஒரு பக்கம் அசைஞ்சு அடுத்த பக்கம் தாமதமா அசைஞ்சா அங்க பிளே. அப்படியே யூ போல்ட் (பட்டையை ஆக்சிலோட கட்டுறது), பட்டைக் கண்ணு புஷ், சாக்கிள் பின் (பட்டை முனையை சேசிஸோட சேர்க்குறது) எல்லாத்தையும் பாத்துடு. பட்டையும் ஆக்சிலும் சேருற இடத்துல பளபளன்னு தேஞ்ச தடம் இருந்தா யூ போல்ட் லூஸ், சென்டர் போல்ட்டும் உடைஞ்சிருக்கலாம்.

அப்புறம் ஆக்சிலுக்கு ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வெச்சு, டயரை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டு. லொடக்குனு ஆடினா வீல் பேரிங்கா கிங் பின்னா (சக்கரம் இடம் வலம் திரும்புற அச்சு) னு சந்தேகம் வரும். ஒருத்தரை பிரேக்கை மிதிச்சுப் புடிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டு. ஆட்டம் போயிட்டா பேரிங். போகலேன்னா கிங் பின்.

எனக்கு கிங் பின் மேலதான் சந்தேகம். காரணம், செகண்ட்ஹாண்டா வர்ற வண்டில கிங் பின்னுக்கு கிரீஸ் ஏத்துற நிப்பிள் மண்ணடைச்சு கெட்டிச்சுப் போயிருக்கும். கிரீஸ் கன்னை வெச்சு அடிச்சா கிரீஸ் உள்ள போகாம வெளியவே வழியும், போட்டாச்சுன்னு விட்டுடுவாங்க. ஸ்டப் ஆக்சில் (கிங் பின்ல திரும்புற, சக்கரம் மாட்டுற துண்டு) இடுக்குல செங்கல் பொடி மாதிரி துருத்தூள் இருக்கானு பாரு.

ஓசூர் டயர்:
அண்ணன் சொல்றது சரி. ஆனா டயரையும் விடாதீங்க. புது டயர்லயும் வட்டம் சரியில்லாம வரும். தூக்கி வெச்சிருக்கும்போதே சக்கரத்தைச் சுத்திவிட்டு, டயர் பட்டனுக்கு (ரோட்டைத் தொடுற கட்டைக்கு) நேரா ஒரு குச்சியை அசையாம வெச்சுப் பாருங்க. இடைவெளி கூடிக் குறைஞ்சா டயரோ சக்கர டிஸ்க்கோ கோணல்.

நெடுஞ்சாலை 44:
அது இருக்கட்டும். தொப்பூர் இறக்கத்துல 50ல என்ன வேலை? நியூட்ரல்ல விட்டியா?

பாலக்கோடு லோடு:
காலி வண்டிதாண்ணா. டாப் கியர்லதான் இருந்துச்சு.

நெடுஞ்சாலை 44:
டாப்பும் நியூட்ரலும் அங்க பெரிய வித்தியாசம் இல்ல. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டு அந்த வளைவுல போன வண்டி எத்தனை. எந்த கியர்ல ஏறுமோ அந்த கியர்லதான் இறங்கணும்.

சேலம் லைன்:
காலி 407ஐ ரெண்டாம் கியர்ல இறக்கினா பின்னாடி வர்ற கண்டெய்னர் ஏறி மிதிச்சிடும். மூணு போதும்.

நெடுஞ்சாலை 44:
கண்டெய்னர்காரனும் கியர்ல வந்தா ஏன் மிதிக்கப் போறான்? பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு இறங்கினா பிரேக் டிரம் சூடேறி, கீழ வளைவுல பெடல் சும்மா போகும். அந்த நேரம் ஸ்டீயரிங்கும் உதறினா?

பழைய ஸ்பேனர்:
கணவாய்ச் சண்டைக்குத் தனி இழை போடுங்க. தம்பி, இதைக் கேட்டுக்கோ. ஸ்டீயரிங் டேம்பர்னு யாரும் சொன்னா வாங்காதே. தேஞ்ச மூட்டை அது மறைச்சு வைக்கும். அதுவும் சோர்ந்ததும் ஆட்டம் முன்னை விட மோசமா வரும். அதுவரைக்கும் உதறல் வந்தா பிரேக்கை ஓங்கி அடிக்காதே. ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேரா புடிச்சு, மெல்லக் குறை. கட்டைவிரல் கம்பிக்குள்ள மாட்டக்கூடாது, உடைஞ்சுடும். நாளைக்கு லோடு ஏத்தாதே.

மலை ஜீப்:
டேம்பர் மறைக்கும்ங்கிறதை ஒத்துக்கறேன். டிராக் பார் விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான்.

கிரீஸ் கை:
தம்பி பாத்தியா? என்ன ஆச்சு?

ஓசூர் டயர்:
ஆளையே காணோம். லோடு ஏத்திட்டுப் போயிட்டாரோ?

பாலக்கோடு லோடு:
லோடு அண்ணன் வண்டில அனுப்பிட்டேன். பிரேக் மிதிச்சும் இடது சக்கரம் ஆடிச்சு. கழட்டினா கிங் பின் கீழ் புஷ் ஒரு பக்கமா தேஞ்சு காகிதம் மாதிரி, பின்னுல கிரீஸே இல்ல, துரு. தர்மபுரி பட்டறைல ரெண்டு பக்கமும் கிங் பின் கிட் (பின்னும் புஷ்ஷும் சேர்ந்த செட்) போட்டாங்க. டிராக் லிங்க் ஒரு முனையும் மாத்தினது. காரிமங்கலம் வரை போய் வந்தேன், அதே பாலத்துல ஆடல. நன்றிண்ணா.

கிரீஸ் கை:
நல்லது. புஷ் அடிச்சப்புறம் ரீமர் விட்டு ஓட்டையை அளவுக்குச் சீவினாங்களா, இல்ல சும்மா தட்டி இறக்கினாங்களா? ரெண்டு புஷ்ஷும் ஒரே நேர்கோட்டுல ரீமர் ஆகலேன்னா ஸ்டீயரிங் கனக்கும், திருப்பினா தானா நேருக்கு வராது. ஆக்சில் கண்ணுல பின் இறுக்கமா உக்காந்துச்சா? அந்த ஓட்டை தேஞ்சிருந்தா புது கிட்டும் நிக்காது. கிட் மாத்தினதால டோ-இன் (முன் சக்கரம் ரெண்டும் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கிற அளவு) மறுபடி பாக்கணும், பழைய அலைன்மென்ட் இப்ப செல்லாது. கிங் பின்னைச் சுத்தாம புடிக்கிற லாக் பின் நட்டைக் கொஞ்சம் ஓடினதும் ஒருதடவை இறுக்கிடு. இனி கிரீஸ் அடிக்கும்போது ஆக்சிலைத் தூக்கி, சக்கரம் தொங்குற மாதிரி வெச்சு அடி, அப்பத்தான் கீழ எடையைத் தாங்குற த்ரஸ்ட் பேரிங் வரைக்கும் இறங்கும். பழைய கிரீஸ் வெளிய வந்து புதுசு தெரியுற வரைக்கும் அடி.