நோயல் பிரவுன் பற்றிப் படிக்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. அயர்லாந்தின் முன்னாள் சுகாதார அமைச்சர் நோயல் பிரவுன் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா, அம்மா இருவரையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். மருத்துவம் படிக்கும்போது தானும் அதே நோயில் விழுந்து எழுந்தார். 1948-இல், நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த முதல் நாளே அமைச்சர்! காசநோய் மருத்துவமனைகள் கட்டுவதில் அவர் காட்டிய வேகம் என்னை உலுக்கிவிட்டது. பிறகு, தாய்மார்களுக்கும் 16 வயதுவரையான பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச மருத்துவம் என்றார். கத்தோலிக்க ஆயர்களும் மருத்துவர் சங்கமும் எதிர்த்தார்கள். 1951 ஏப்ரலில் பதவி விலகினார்.

ஆயர்களுடனான கடிதங்களை அவரே பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கடிதங்களும், பதவி விலகியபின் அவையில் அவர் பேசிய உரையும் முழுதாக எங்கே கிடைக்கும்? டப்ளினில் இருப்பவர்கள், அயர்லாந்து வரலாறு படித்தவர்கள் யாராவது வழி சொல்லுங்களேன்.