கயலின் கைப்பேசிக்கு ஊதா நிறம்

குழு: பாட்டி வீடு
சனிக்கிழமை

கயல், மாலை 5:40
எல்லோருக்கும் வணக்கம். அருண் அண்ணன் எனக்குக் கொடுத்த ஐபோன் 11 நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் அதன் கறுப்பு நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. கல்லூரிக்கு எதிரில் இருக்கும் கடையில் விசாரித்தேன். ‘ஃபுல் பாடி’ மாற்றி, இரண்டு மணி நேரத்தில் ஊதா நிறத்தில் கையில் கொடுத்துவிடுவதாகவும், அதற்கு 2,800 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார்கள். திங்கட்கிழமை கொடுத்துவிடலாமா என்று, போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் சித்தப்பா சொல்ல வேண்டும். தாத்தா, உங்கள் விருப்பப்படி முழு வாக்கியங்களில் எழுதியிருக்கிறேன் என்பதையும் கவனிக்கவும்.

தாத்தா, மாலை 5:47
கவனித்தேன், மகிழ்ச்சி. ஆனால் இரண்டு மணி நேரமும் 2,800 ரூபாயும் எதற்கு என்றுதான் விளங்கவில்லை. 2004-இல் நான் வாங்கிய நோக்கியா 1100-க்குப் பேருந்து நிலைய வாசலில் இருந்த பெட்டிக்கடையில் பேனல் மாற்றினேன். கடைக்காரர் மூடியை நகத்தால் நெம்பிக் கழற்றி, ரப்பர் கீபேடையும் சேர்த்துப் புதிதாகப் போட்டு, 60 ரூபாய் வாங்கிக்கொண்டார். வாங்கி வைத்த தேநீர் ஆறுவதற்குள் நீலம் வந்துவிட்டது.

அம்மா, மாலை 5:49
நன்றாக இருக்கும் பொருளைப் பிரித்துப் போடுவதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? ஊதா நிறத்தில் ஓர் உறை வாங்கி மாட்டினால் போதாதா?

கயல், மாலை 5:50
உறை போட்டாலும் ஓரத்தில் கறுப்பு தெரிகிறதே, அம்மா.

சித்தப்பா, மாலை 6:08
கடையில் கூட்டம் இருந்ததால் இப்போதுதான் பார்த்தேன். அப்பா சொல்வது அந்தக் காலத்துக்குச் சரி. பேனலைக் கையாலேயே மாற்றிக்கொள்ளட்டும் என்று நோக்கியாவே திட்டமிட்டுச் செய்தது. 1998-இல் வந்த 5110-இலேயே அந்த வசதி இருந்தது. அது போனுக்குச் சட்டை மாற்றுவது போல. ஐபோன் 11-இல் நிறம் இருப்பது இரண்டு இடங்களில்: பின்பக்கக் கண்ணாடிக்கு உட்புறம் உள்ள பூச்சில் ஒன்று, சுற்றிவரும் அலுமினியச் சட்டகத்தில் மற்றொன்று. சட்டகத்தில் இருப்பது மேலே அடித்த பெயின்ட் அல்ல. அனோடைசிங் என்ற முறையில் உலோகத்தின் மேற்பரப்பிலேயே சாயத்தை ஏற்றியிருக்கிறார்கள். போனின் மூளையான போர்டு, பேட்டரி, கேமரா, ஸ்பீக்கர், சார்ஜிங் ஃபிளெக்ஸ் என்னும் வளையும் இணைப்பு நாடா என்று எல்லாமே அந்தச் சட்டகத்தில்தான் திருகுகளாலும் பசையாலும் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஆகவே, கடைக்காரர் ‘பாடி மாற்றித் தருகிறேன்’ என்று சொல்வதற்கு, உன் போனின் உள்ளே இருக்கும் அத்தனையையும் கழற்றி வேறொரு வீட்டில் குடிவைக்கிறேன் என்று பொருள்.

சித்தப்பா, மாலை 6:15
அந்தக் குடிமாற்றம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் நீயே முடிவு செய்துகொள்வாய். அடியில் சார்ஜர் துளைக்கு இருபுறமும் உள்ள இரண்டு திருகுகளைக் கழற்றி, விளிம்பைச் சூடாக்கிப் பசையை இளக்கி, உறிஞ்சு கப்பை ஒட்டி டிஸ்ப்ளேயைத் தூக்க வேண்டும். அது புத்தகம் போல ஒரு பக்கமாகத்தான் திறக்கும்; அப்படியே மேலே இழுத்தால் நாடாக்கள் அறுந்துவிடும். முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். பேட்டரிக்கு அடியில் இருக்கும் ஒட்டுநாடாவை மெல்ல இழுத்து உருவ வேண்டுமே தவிர, இரும்புத் தகடு போட்டு நெம்பக் கூடாது. பேட்டரி வளைந்தாலோ துளைபட்டாலோ தீப்பிடிக்கக் கூடும். அதன் பிறகு போர்டு, கேமராக்கள், பவர் பட்டன், வால்யூம் பட்டன், கம்பியில்லா சார்ஜிங் சுருள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். முகத்தைப் பார்த்துப் பூட்டைத் திறக்கும் முன்பக்கத்து ஃபேஸ் ஐடி கேமராத் தொகுதிக்குத்தான் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அது அந்தப் போர்டுடன் மட்டும் பேசும்படி இணைக்கப்பட்டது. அதற்குச் சேதம் ஏற்பட்டால் வேறொரு போனிலிருந்து எடுத்துப் போட்டாலும் ஃபேஸ் ஐடி திரும்ப வராது.

அத்தை, மாலை 6:18
தம்பி, இவ்வளவையும் அந்தக் கடைப் பையன் இரண்டு மணி நேரத்தில் செய்துவிடுவானா?

சித்தப்பா, மாலை 6:24
கை பழகியவர் செய்துவிடுவார், அக்கா. நேரத்தைவிடத் திருகுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஐபோனின் திருகுகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. சிலவற்றில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இருக்காது. 2016-இல் ஓர் ஐபோன் 6-க்கு நானே ஹவுசிங், அதாவது பாடி, மாற்றினேன். அன்றைக்கு இரவு மழை, கரண்டும் போய்விட்டது, டார்ச் வெளிச்சத்தில் முடித்துவிடலாம் என்ற அவசரம். குட்டைத் திருகு போக வேண்டிய துளையில் நீளமானது போய்விட்டது. முறுக்கும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருந்ததை விரல் உணர்ந்தது, மனம்தான் கேட்கவில்லை. அந்தத் திருகு போர்டுக்குள் ஓடும் மெல்லிய செம்புத் தடத்தை வெட்டிவிட்டது. போன் திரும்ப உயிர்பெறவே இல்லை. வாடிக்கையாளருக்கு என் கைக்காசில்தான் வேறு போன் வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு வெள்ளைத் தாளில் போனின் படத்தை வரைந்து, இருபுறமும் ஒட்டும் டேப்பை அதன்மேல் ஒட்டி, எந்தத் துளையில் எடுத்தேனோ அந்த இடத்திலேயே திருகை ஒட்டிவைக்கிறேன். சித்தி அந்தத் தாளைக் கோலம் என்பாள்.

கயல், மாலை 6:27
படிக்கவே பயமாக இருக்கிறது, சித்தப்பா. ஆனால் ஒரு கேள்வி: நன்றாகப் பழகியவரிடம் கொடுத்தால், புதிய பாடி ஒரிஜினல் போலவே இருக்குமா?

சித்தப்பா, மாலை 6:36
கடையில் ‘ஒரிஜினல்’ என்று சொல்லும் சொல்லை அப்படியே நம்பக் கூடாது. ஆப்பிள் வெறும் ஹவுசிங்கை எங்கள் போன்ற கடைகளுக்கு விற்பதில்லை. எங்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சீனாவின் ஷென்சென் நகரத்து ஹுவாசியாங்பெய் போன்ற சந்தைகளிலிருந்து வரும் மாற்றுப் பாகங்கள். சென்னை ரிச்சி தெருவிலும் அவைதான் அடுக்கியிருக்கும். முதல் நாள் பார்த்தால் அழகாகவே இருக்கும். நகத்தால் தட்டிப் பார்த்தால் ஓசை வேறாக இருக்கும், பட்டன் லேசாக ஆடும், ஊதா கொஞ்சம் கத்திரிப்பூ நிறத்துக்குப் போயிருக்கும். திருகு ஏறும் மரையில் சுத்தம் இருக்காது. உட்புறத்தில் பற்றவைத்த சிறு தகடுகள் அரை நூல் தள்ளியிருந்தால் கேமரா சாய்ந்து உட்காரும். ‘சிறு பாகங்களுடன் சேர்த்து’ என்று பட்டன் ஃபிளெக்ஸ் எல்லாம் முன்பே ஒட்டிய ஹவுசிங்குகளும் உண்டு. வேலை பாதியாகக் குறைவதால் அவசரக் கடைகளுக்கு அவற்றின்மேல் தனிப் பிரியம். அந்த ஃபிளெக்ஸ்களின் தரத்தை நான் நம்புவதில்லை.

சித்தப்பா, மாலை 6:39
தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்தபோது அந்தப் போன் 2 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்ற ஐபி68 தரம் பெற்றது. ஒருமுறை திறந்து மூடிய பிறகு, புதிய பசை ஒட்டியிருந்தாலும், அந்தக் கணக்கை மறந்துவிட வேண்டும். அத்துடன், வெளியார் பாகம் போட்ட போனை ஆப்பிளின் சேவை மையத்தில் பழுது பார்க்க மறுக்கவும் கூடும்.

அருண் அண்ணன், மாலை 6:45
பெங்களூரிலிருந்து நானும் சேர்ந்துகொள்கிறேன். இந்த ஆசை கயலோடு தொடங்கியது அல்ல. 2010 ஜூனில் ஐபோன் 4 வந்தபோது கறுப்பு, வெள்ளை என்று இரண்டு நிறங்களை அறிவித்துவிட்டு, வெள்ளையைத் தயாரிப்பது எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருக்கிறது என்று ஆப்பிள் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தது; 2011 ஏப்ரல் 28 அன்றுதான் வெள்ளை விற்பனைக்கு வந்தது. அந்தப் பத்து மாத இடைவெளியில் நியூயார்க்கைச் சேர்ந்த பதின்வயது மாணவர் ஒருவர், கறுப்பை வெள்ளையாக்கும் பாகங்களைத் தொகுப்பாக விற்றார். ஆப்பிள் அவர்மீது வழக்கும் போட்டது. அந்த மாடலில் பின்பக்கக் கண்ணாடி அடியிலுள்ள இரண்டு திருகுகளைக் கழற்றி மேலே தள்ளினாலே வந்துவிடும் என்பதால், பின்பக்கத்தை மட்டும் மாற்றுவது தாத்தாவின் நோக்கியா வேலையைப் போல எளிதாகவே இருந்தது.

தாத்தா, மாலை 6:48
பின்னர் வந்தவர்கள் ஏன் அதை ஒட்டிவைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

அருண் அண்ணன், மாலை 6:50
மெல்லியதாக இருக்க வேண்டும், தண்ணீர் புகக் கூடாது என்ற இரண்டையும் சொல்லித்தான், தாத்தா. நிறம் மாற்ற விரும்புபவர்களை நினைத்துச் செய்தவர்கள் மிகக் குறைவு. 2024-இல் வந்த சிஎம்எஃப் ஃபோன் 1-இல் திருகைக் கழற்றி வேறு நிறப் பின்மூடியை வீட்டிலேயே மாட்டலாம். மூடியை அந்த நிறுவனமே விற்றது.

அத்தை, மாலை 6:55
எனக்கு வேறொரு சந்தேகம். பில்லில் ‘கறுப்பு’ என்று இருக்கிறது. நாளைக்குப் போன் தொலைந்து காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது ‘ஊதா’ என்று எழுதினால் சிக்கல் வராதா?

சித்தப்பா, மாலை 7:03
நல்ல கேள்வி, அக்கா. போனுக்கு அடையாளம் நிறம் அல்ல, 15 இலக்க ஐஎம்இஐ எண்தான். அது போர்டில் இருக்கிறது, பாடி மாறினாலும் மாறாது. *#06# என்று அழுத்தினால் திரையில் வரும். ‘கேஒய்எம்’ (KYM) என்று ஆங்கில எழுத்துகளில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அரசின் பதிவில் என்ன போன் என்று இருக்கிறதோ அது பதிலாக வரும். தொலைந்தால் அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் தடுத்து நிறுத்துவதும் இந்த எண்ணை வைத்துத்தான். அந்த எண்ணை மாற்றினால்தான் குற்றம். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்குச் சிறைத் தண்டனையே இருக்கிறது. நிறத்தை மாற்றுவதற்கு எந்தத் தடையும் இல்லை. புகாரில் இரண்டு நிறத்தையும் எழுதிவிட்டால் போதும்.

ஆனால் விற்கும்போது மறைக்க முடியாது. செட்டிங்ஸில் ‘அபௌட்’ பகுதியில் உள்ள மாடல் எண்ணைத் தேடிப் பார்ப்பவருக்கு இந்தப் போன் கறுப்பாகப் பிறந்தது என்று தெரிந்துவிடும். பழைய ஐபோன் எக்ஸ்ஆரைப் புதிய ப்ரோ மாடலின் பாடிக்குள் போட்டு, பொய்க் கேமராக்களும் ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களும் மாட்டிக்கொள்வது அந்தப் பக்கத்தில்தான்.

கயல், மாலை 7:06
அப்படியானால் சட்டகத்தை விட்டுவிட்டுப் பின்பக்கக் கண்ணாடியை மட்டும் ஊதாவாக மாற்றினால் என்ன, சித்தப்பா?

சித்தப்பா, மாலை 7:12
செய்யலாம், ஆனால் கறுப்புச் சட்டகமும் ஊதாக் கண்ணாடியுமாக இருக்கும். கண்ணாடியைச் சட்டகத்தோடு மிகக் கடினமான பசையால் ஒட்டியிருப்பதால், பெரும்பாலும் லேசர் இயந்திரத்தில் வைத்துப் பசையை எரித்துத்தான் எடுப்பார்கள். கேமராவைச் சரியாக மூடாவிட்டால் லேசர் பட்டு அதுவும் போய்விடும். மாற்றுக் கண்ணாடியிலும் ‘சிறிய துளை’, ‘பெரிய துளை’ என்று இரண்டு வகை உண்டு. கேமரா லென்ஸைச் சுற்றியுள்ள உலோக வளையம் சட்டகத்தோடு பற்றவைக்கப்பட்டது. அதைக் கழற்றாமலேயே மாட்டிவிட வசதியாகப் பெரிய துளை வகையைக் கடைகள் போடுகின்றன. கண்ணாடி உடையாமல் இருக்கும்போது இதைச் செய்யாதே என்பேன். உறையைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு.

கயல், மாலை 7:19
📷 படம்
உறையைக் கழற்றிய பிறகுதான் பார்க்கிறேன். கேமராவுக்குக் கீழே இடது மூலையிலிருந்து ஆப்பிள் சின்னம் வரை ஒரு விரிசல் ஓடுகிறது. நான் ஒருமுறைகூடக் கீழே போட்டதில்லை.

அம்மா, மாலை 7:20
அருண்?

அருண் அண்ணன், மாலை 7:28
உண்மையை ஒப்புக்கொள்கிறேன், சித்தி. போன தீபாவளிக்கு முன்பு மெட்ரோ படிக்கட்டில் விழுந்தது. உறையோடு சேர்த்துக் கொடுத்தால் தெரியாது என்று நினைத்துவிட்டேன். ஆகிற செலவு என்னுடையது.

சித்தப்பா, மாலை 7:35
விரிசல் இருப்பதால் என் பதில் மாறுகிறது. எப்படியும் திறந்தாக வேண்டும், தண்ணீர்த் தாங்கும் தன்மையும் ஏற்கெனவே போய்விட்டது. என்னிடம் ஓர் ஊதா ஐபோன் 11 கிடக்கிறது. கிணற்றில் விழுந்து போர்டு செத்துப்போனதால், அதன் உரிமையாளர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதன் பாடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆப்பிள் தொழிற்சாலையிலிருந்து வந்த பாடி என்பதால் மரையும் தகடுகளும் சரியாக உட்காரும். அதன் பட்டன் ஃபிளெக்ஸ்களில் தண்ணீர் புகுந்திருக்கும், ஆகவே அவற்றை எடுத்துவிட்டு உன்னுடையவற்றையே ஒட்டுகிறேன். கல்லூரிக் கடைக்குப் போக வேண்டாம்.

கயல், மாலை 7:36
சித்தப்பா, நீங்கள்தான் உலகத்திலேயே சிறந்த சித்தப்பா என்று முழு வாக்கியத்தில் எழுதுகிறேன்.

சித்தப்பா, மாலை 7:44
அடுத்த சனிக்கிழமை தென்காசிக்கு வா. காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவேன். வருவதற்கு முன் முழு பேக்கப் எடுத்துவிடு, கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொள். ஃபேஸ் ஐடி, கேமரா, ஸ்பீக்கர், கம்பியில்லா சார்ஜிங் ஆகியவை இப்போது வேலை செய்கின்றனவா என்று உன் முன்னாலேயே சோதித்துக் குறித்த பிறகுதான் திறப்பேன். இன்னொன்று: ஊதாப் போனின் சிம் தட்டில் அந்தச் செத்த போனின் ஐஎம்இஐ பொறித்திருக்கிறது, அதை உனக்குப் போட மாட்டேன். உன்னுடைய கறுப்புத் தட்டுதான் வரும்.

கயல், மாலை 7:46
அப்படியென்றால் ஊதா நிறத்தின் பக்கவாட்டில் கறுப்பாக ஒரு கோடு மட்டும் தெரியும், அப்படித்தானே?

சித்தப்பா, மாலை 7:47
ஆமாம், நகத்தின் நீளத்துக்கு.

கயல், மாலை 7:49
பரவாயில்லை, சித்தப்பா. சனிக்கிழமை முதல் பேருந்தில் வந்துவிடுகிறேன்.