டயர் ஓரத்தில் ஸ்க்ரூ: பஞ்சர் போட்டால் போதுமா, டயரையே மாற்றணுமா?

வைகைக்கரை
கார் டயர், டியூப்லெஸ், 185/65 ஆர்15 88எச் (கடைசியில் இருப்பது சுமை, வேகக் குறி). பின்பக்கம், இடது சக்கரம். தேதிக் குறி 1822. டிரெட் (தரையில் படும் பகுதி) பள்ளத்தின் ஆழம் நான்கு டயரிலும் ஏறக்குறைய 4 மி.மீ. ஒரு ஸ்க்ரூ ஏறி நிற்கிறது, இன்னும் பிடுங்கவில்லை. வெளிப்பக்கக் கடைசிப் பள்ளத்தைத் தாண்டிய ஓரக் கட்டையில் இருக்கிறது. 33 பி.எஸ்.ஐ. வைத்தால் மறுநாள் காலை 27 காட்டுகிறது.

ஒரு கடையில் 150 ரூபாய்க்குத் திரி (வெளியிலிருந்து ஓட்டைக்குள் திணிக்கும் ஒட்டும் ரப்பர் கயிறு) போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். இன்னொரு கடையில் கை வைக்கவே முடியாது, புது டயர்தான், 5,200 ரூபாய் என்கிறார்கள். சனிக்கிழமை மதுரையிலிருந்து சென்னை போகணும், ஐந்து பேரும் சாமான்களும். ஸ்டெப்னி அதே கம்பெனி, அதே சைஸ், ஸ்டீல் ரிம்மில் இருக்கிறது, ஓடவே இல்லை. யார் சொல்வது சரி?

டயர்காரர்
ஸ்க்ரூவை இப்போது பிடுங்காதீங்க சார். உள்ளே இருக்கும்வரை அதுவே பாதி அடைப்பு. சாக்பீஸால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வையுங்க.

அடுத்து, காற்று அந்த வழியாகத்தான் போகிறதா என்று பாருங்க. ஷாம்பு கலந்த தண்ணீரை ஸ்க்ரூ மேலே, வால்வு வாயில், வால்வு ரிம்மில் உட்காரும் இடத்தில், ரிம் ஓரம் முழுக்க ஊற்றி இரண்டு நிமிஷம் கவனியுங்க. சிலசமயம் குட்டை ஸ்க்ரூ ரப்பரோடு நின்றிருக்கும், கசிவு வால்வு ஊசியில் இருக்கும். அப்படியானால் ஊசியை மாற்றினால் முடிந்தது.

ஸ்க்ரூவில் குமிழி வந்தால், இரண்டாவது கடைக்காரர் சொன்னதுதான் பெரும்பாலும் சரியாக இருக்கும். டிரெட்டுக்குக் கீழே ஸ்டீல் பெல்ட் குறுக்காக ஓடுகிறது. நடுப்பகுதியில் விழுந்த ஓட்டையை அந்த பெல்ட் விரியவிடாது. ஓரத்துக்கு வரும்போது பெல்ட் முடிகிறது. அதற்கப்பால் ஒரு பீடிலிருந்து (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு) இன்னொரு பீடுக்கு ஓடும் நூல் அடுக்கும் ரப்பரும்தான். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும்போது அந்த இடம் மடங்கி நிமிர்கிறது. அங்கே ஒட்டுவது நிற்காது, ஓட்டை வழியே நூலும் அறுந்துகொண்டே போகும். அதனால்தான் இரண்டு வெளிப்பள்ளங்களுக்கு இடைப்பட்ட பகுதியில், 6 மி.மீ.க்கு மிகாத ஓட்டை என்றால் மட்டும் சரிசெய்வது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

நாமக்கல் பட்டறை
மேலே சொன்னது சரி. ஆனால் வெளியிலிருந்து பார்த்து முடிவு செய்வது பாதி முடிவுதான். டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பார்க்காமல் போடும் பஞ்சர் எதுவாக இருந்தாலும் தற்காலிகம்தான். உள்ளே மூன்று விஷயம் பார்க்கணும்.

ஸ்க்ரூ உள்ளே எங்கே வெளிவந்திருக்கிறது? சாய்வாக ஏறியிருந்தால் வெளியே டிரெட்டில் தெரிவது உள்ளே சைடுவால் (டயரின் பக்கச்சுவர்) பக்கம் போயிருக்கும். தலைகீழாகவும் நடக்கும்.

காற்றில்லாமல் ஓடிய தடயம் இருக்கிறதா? உள்சுவரில் சுற்றிலும் வளையமாக ஒரு கருப்புத் தேய்மானம், விரலில் ஒட்டும் ரப்பர் பொடி, சுருக்கம். இதில் ஒன்று இருந்தாலும் ஓட்டை நட்டநடுவில் இருந்தாலும்கூட டயர் போச்சு. நூல் வெந்திருக்கும், ஹைவேயில் சூடேறும்போது சைடுவால் கிழியும்.

பழைய ஒட்டு இருக்கிறதா? புது ஒட்டு பழையதன் மேல் ஏறக்கூடாது.

150 ரூபாய்த் திரியைப் பற்றி: அரம் மாதிரி இருக்கும் ஊசியை உள்ளே விட்டு இழுக்கும்போது பெல்ட் கம்பி அறுகிறது, உள்பக்கக் காற்றுப்படலமும் கிழிகிறது. திரி காற்றை நிறுத்தும். திரியைச் சுற்றி இறங்கும் தண்ணீரை நிறுத்தாது. கம்பி துருப்பிடித்து, மாசக்கணக்கில் கழித்து டிரெட் பெல்ட்டிலிருந்து பிரிய ஆரம்பிக்கலாம். நடு டிரெட்டில் குத்தினால் வீடு வந்து சேர திரி நல்ல கருவி. அதோடு ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் தப்பு.

சரியான வேலை மஷ்ரூம், அதாவது காளான் மாதிரி தலையும் காம்பும் உள்ள, உள்ளிருந்து போடும் ஒட்டு. ஓட்டையை 6 மி.மீ. கட்டரால் ஸ்க்ரூ போன கோணத்திலேயே சுத்தம் செய்யணும். உள்பக்கம் கிளீனர் போட்டுச் சுரண்டி, மெதுவாகச் சுற்றும் பஃபரால் ஒட்டின் அளவுக்குச் சொரசொரப்பாக்கணும். நூல் தெரியும் அளவுக்குத் தேய்த்தால் டயரே வீண். பசை தடவி, தொட்டால் பிசுபிசுக்கும் பதம் வரும்வரை காயவிடணும். அவசரத்தில் ஈரப் பசை மேல் ஒட்டுவதால்தான் நிறைய மஷ்ரூம் கழன்று வருகிறது. காம்பை வெளியே இழுத்து, தலையை நடுவிலிருந்து ஓரத்துக்கு ரோலரால் அழுத்தி, காம்பை டிரெட்டை ஒட்டி வெட்டணும். பிறகு பேலன்சிங். இது 300லிருந்து 500 ரூபாய் வரை ஆகலாம், ஊருக்கு ஊர் மாறும்.

வைகைக்கரை
நன்றி சார். ஷாம்பு தண்ணீர் ஊற்றியதில் ஸ்க்ரூவில் மட்டும் குமிழி. கழற்றிப் பார்த்தாச்சு. உள்ளே பொடி எதுவும் இல்லை, சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஸ்க்ரூ சாய்வாகப் போய், முனை உள்சுவர் வளையத் தொடங்கும் இடத்தில் எட்டிப் பார்க்கிறது. டியூப் போட்டு ஓட்டுங்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். அது ஆகுமா? மாற்றினால் ஒன்றா, இரண்டா?

டயர்காரர்
முனை அங்கே வந்துவிட்டதால் மஷ்ரூமும் கிடையாது. மாற்றுங்க.

டியூப் வேண்டாம். டியூப்லெஸ் டயரின் உள்பக்க வரிகளில் டியூப் உரசிச் சூடேறும். டியூப்லெஸ்ஸில் காற்று மெதுவாக இறங்கும். டியூப் வெடித்தால் ரிம்மின் வால்வு ஓட்டை வழியாகச் சட்டென்று போகும், ஐந்து பேரோடு 100 கி.மீ. வேகத்தில் அது வேண்டாம். அறுந்த நூலையும் டியூப் ஒட்டவைக்காது. சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் அதையும் விடுங்க, அது வழியில் சமாளிக்கும் மருந்து.

நாமக்கல் பட்டறை
உங்கள் விஷயத்தில் ஒன்று வாங்கினால் போதும், ஸ்டெப்னி ஓடாதது என்பதால். ஒரே அச்சில் ஒரு பக்கம் 4 மி.மீ., மறுபக்கம் புதுசு என்று ஓட்டக்கூடாது. அதனால் அதே கம்பெனி, அதே மாடல், 88எச் ஒன்று வாங்கி, ஸ்டெப்னி டயரையும் ஸ்டீல் ரிம்மிலிருந்து கழற்றி, இரண்டையும் பின்பக்கம் போடுங்க. பின்னால் வலதுபக்கம் இருந்த 4 மி.மீ. டயர் ஸ்டீல் ரிம்முக்குப் போய் ஸ்டெப்னி ஆகட்டும்.

கார் முன்சக்கரத்தில் இழுக்கிறது, புதுசு முன்னால்தானே என்று கடையில் சொல்வார்கள். கேட்காதீங்க. மழைத்தண்ணீரில் முன்சக்கரம் வழுக்கினால் ஆக்சிலேட்டரை விட்டால் கட்டுப்பாடு திரும்பும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றும், சாதாரண ஓட்டுநரால் திருப்ப முடியாது.

ஸ்டெப்னியைப் போடும்முன் வெளிச்சத்தில் வைத்துச் சைடுவாலை அழுத்திப் பாருங்க. ஓடாத டயருக்கும் வயசாகும். மயிர்க்கோடு போல வெடிப்பு இருந்தால் அதுவும் வேண்டாம், இரண்டு வாங்குங்க. புது டயரின் தேதிக் குறியைக் கடையிலேயே படியுங்க. நாலு எண்ணில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். உங்களுடைய 1822 என்றால் 2022ஆம் ஆண்டின் 18வது வாரம். ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்ததைத் தள்ளினால் வேறு எடுத்துத் தரச் சொல்லுங்க.

வைகைக்கரை
ஸ்டெப்னியில் வெடிப்பு இல்லை. புது டயர் ஒன்றுக்கு ஆர்டர் சொல்லிவிட்டேன். மாட்டும்போது வேறு என்ன பார்க்கணும்?

டயர்காரர்
ரப்பர் வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்க, டயர் கழன்றிருக்கும்போது செலவு சொற்பம். பிரஷர் சென்சார் இருக்கிற வண்டியானால் வால்வுக்குப் பின்னால் அது உட்கார்ந்திருக்கும், பீடு விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கும் கருவி அந்தப் பக்கம் படக்கூடாது, முன்கூட்டியே சொல்லிவிடுங்க. இரண்டு சக்கரத்துக்கும் பேலன்சிங் அவசியம்.

காற்று 33தானா என்று ஓட்டுநர் கதவுத் தூணில் இருக்கும் ஸ்டிக்கரில் பாருங்க. முழு லோடுக்குப் பின்சக்கரத்துக்குத் தனி அளவு போட்டிருந்தால் சனிக்கிழமை அதைத்தான் வைக்கணும், அதுவும் கிளம்பும் முன் டயர் ஆறியிருக்கும்போது. நட்டுகளை நட்சத்திர வரிசையில் டார்க் ரென்ச்சால் (சரியான அளவு விசையில் முறுக்கும் ஸ்பேனர்) முறுக்கச் சொல்லுங்க, 100 கி.மீ. ஓடியபின் ஒருமுறை சரிபாருங்க. டயரில் வெளிப்பக்கம், உள்பக்கம் என்றோ சுழலும் திசை அம்புக்குறியோ இருந்தால், கடையிலிருந்து வண்டியை எடுக்கும்முன் நீங்களே குனிந்து பார்த்துவிடுங்க.