அமுக்கராப் பொடியும் தைராய்டு மாத்திரையும் சேருமா?

தங்கச்சிமடத்துக்காரி:
அவுக விசைப்படகுல போற ராத்திரியெல்லாம் நெஞ்சு படபடன்னு அடிக்குது. போன் வந்தாலே இலங்கை நேவி பிடிச்சிருச்சோன்னு கை நடுங்குது. மாமியார் ஏர்வாடி தர்காவுக்கு வான்னு கூப்பிடுறாக. மதினி நாட்டு மருந்துக் கடையில அமுக்கராப் பொடி (அஸ்வகந்தா) வாங்கி, பால்ல கலந்து குடின்னு கொடுத்துட்டாக. தைராய்டு மாத்திரையும் தினம் போடுறேன். ரெண்டும் சேருமா?

மண்டபம் பாசிக்காரி:
எங்க அம்மா வல்லாரைத் துவையல் அரைப்பாக. ருசி பிரமாதம். படபடப்பு குறைஞ்சுதான்னா, சொல்லத் தெரியல. எனக்குக் கேட்டது சாயங்காலக் காப்பியை நிறுத்தினதுதான்.

கீழக்கரை, சித்த மருத்துவ மாணவி:
அக்கா, பொடியை இப்ப ஆரம்பிக்காதீங்க. அமுக்கரா பதற்றத்தை ஓரளவு குறைக்குதுன்னு சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கு. ஆனா அது தைராய்டு சுரப்பைக் கூட்டலாம். மாத்திரையோட சேர்ந்தா படபடப்பே அதிகமாகலாம். கர்ப்பம்னா தொடவே வேணாம். அரிதா கல்லீரலும் கெட்டிருக்கு. முதல்ல டி.எஸ்.எச்.ங்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்க. மாத்திரை அளவு கூடிப்போனாலே நெஞ்சு இப்படித்தான் அடிக்கும். அப்புறம் அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவுல, சாப்பிடுற மாத்திரையைக் காட்டிக் கேளுங்க. ராத்திரி தாங்கலன்னா 14416-க்குப் போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசு மனநல உதவி எண். தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

தங்கச்சிமடத்துக்காரி:
டி.எஸ்.எச். போன வருஷம் பார்த்தது தங்கச்சி. படகு கரையில நிக்கிற அன்னைக்கு அவுகளையே கூட்டிட்டுப் போகச் சொல்றேன். பொடியைத் திருப்பிக் கொடுத்தா மதினி மூஞ்சியத் தூக்குவாக, அதுக்கு என்ன மருந்து?

மண்டபம் பாசிக்காரி:
டாக்டரம்மா வேணாம்னுட்டாகன்னு சொல்லுங்க!