ஈடேலிலிருந்து கிண்டர் ஸ்கவுட்: குழு நடைக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: மான்செஸ்டரில் வசிக்கிறேன். உள்ளூர் ராம்ப்ளர்ஸ் (நடைப்பயணச் சங்கம்) குழு ஞாயிறன்று ஈடேல் கிராமத்திலிருந்து ஜேக்கப்ஸ் லேடர் என்ற செங்குத்தான கற்பாதை வழியாகக் கிண்டர் ஸ்கவுட் மலை ஏறுகிறது. 14 கி.மீ., ஏற்றம் 450 மீ. எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஜீன்ஸ், ஓட்ட ஷூ போதுமா?

பதில் 1: மலைநடை நேரத்தைக் கணிக்கும் நெய்ஸ்மித் கணக்குப்படி 5 கி.மீ.க்கு ஒரு மணி, ஏற்றம் 600 மீட்டருக்கு இன்னொரு மணி. அப்படிப் பார்த்தால் சுமார் மூன்றரை மணி நேரம். ஆனால் அது நிற்காமல் நடப்பவருக்கு. சாப்பாடு, வேலியைத் தாண்டும் படிகளில் வரிசை எல்லாம் சேர்த்து ஐந்தரை மணி வையுங்கள். திரும்பும் ரயிலையும் அதற்கேற்பப் பாருங்கள்.

பதில் 2: ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, மேலே காற்றில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஓட்ட ஷூவில் ஏறிவிடலாம். இறங்கும்போது ஈரப்புல்லில்தான் வழுக்கும். ஆழமான பள்ளங்கள் உள்ள அடிப்பகுதியோடு, கணுக்காலை மூடும் பூட்ஸ் நல்லது. மேலே கரிச்சேறு (மக்கிய செடிகளாலான கருஞ்சேறு), கணுக்கால்வரை இழுக்கும். மழைக்கோட்டு, மழைக்கால்சட்டை, ஒன்றரை லிட்டர் தண்ணீர், மாற்றுக் காலுறை. கோடையிலும்தான்.

பதில் 3: தலைவரை முந்தாதீர்கள், கடைசியில் வருபவருக்குப் பின்னால் போகாதீர்கள். ஒதுங்க வேண்டுமானால் சொல்லிவிட்டு, நீங்கள் அங்கே இருப்பது தெரியும்படி பையைப் பாதையோரம் வையுங்கள். ஆள் தொலைவது பெரும்பாலும் பாதை பிரியும் இடத்தில், முன்னவர் கண்ணுக்கு மறைந்தபோது. வயல் கதவு திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், மூடியிருந்தால் மூடுங்கள். ஆடுகள் இருக்கும்.

கேள்வி கேட்டவர்: தலைவரிடம் வரைபடம் இருக்குமே, நானும் வாங்கணுமா?

பதில் 1: கட்டாயமில்லை. வாங்கினால் ஆர்டனன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனம்) வெளியிடும் ஓஎல்1 என்ற எண்ணுள்ள வரைபடம்.