புதுப்பிப்பு: நூறு வயது மரபணு ஆய்வு, அப்புறம் என்ன ஆனது?

போன இழையில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் 2010 ஆய்வைப் பற்றி எழுதியிருந்தேன். 150 மரபணு மாறுபாடுகளை வைத்து, ஒருவர் நூறைத் தொடுவாரா என்று 77 சதவீதம் சரியாகச் சொல்ல முடியும் என்ற ஆய்வு. 2011-இல் 'சயின்ஸ்' இதழிலிருந்து அதைத் திரும்பப் பெற்றார்கள். மோசடியா என்று கேட்டிருந்தீர்கள்.

மோசடி இல்லை, டிஎன்ஏவைப் படிக்கும் சிப்பின் கோளாறு. நூறு வயதுக்காரர்களில் சுமார் பத்தில் ஒருவரின் டிஎன்ஏவை இலுமினா நிறுவனத்தின் 610 என்ற சிப்பில் படித்திருந்தார்கள். அது சில இடங்களில் டிஎன்ஏவின் எழுத்தை மாற்றிப் படித்தது. ஒப்பீட்டுக் குழுவுக்கும் இவர்களுக்கும் வெவ்வேறு சிப்புகளை ஒரே விகிதத்தில் பயன்படுத்தவில்லை. விளைவு, கருவியின் பிழை நீண்ட ஆயுளின் அடையாளம்போல் வந்து நின்றது. வெளியான சில நாட்களிலேயே மற்ற மரபியலாளர்கள் இதைச் சந்தேகித்துவிட்டார்கள்.

அப்புறம் வேறொரு ஆய்வகம் தரவைச் சலித்தது; சந்தேகமானவற்றை நீக்கி, வேறு கருவியில் சரிபார்த்தார்கள். 2012-இல் 'பிளாஸ் ஒன்' இதழில் 281 மாறுபாடுகளுடன் திருத்திய வடிவம் வந்தது. கணிப்புத் துல்லியம்தான் இறங்கிவிட்டது. ஏபிஓஇ (இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் புரதத்துக்கான மரபணு) பகுதிக்கும் நீண்ட ஆயுளுக்குமான தொடர்பு மட்டும் அசையவில்லை. மற்ற குழுக்களின் ஆய்வுகளிலும் அது திரும்பத் திரும்ப வருகிறது.

ஆயுளைச் சொல்லும் டிஎன்ஏ கிட் வாங்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம்.