தண்ணீரைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும் மகள்

என் மகளுக்கு இரண்டு வயது. பால் என்றால் ஓடி வருவாள், தண்ணீர் என்றால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். மீறிக் கொடுத்தால் கன்னத்தில் அடக்கிவைத்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சட்டையில் ஒழுகவிடுவாள். இந்த வயதில் பாலும் தண்ணீருமாக நாளைக்குச் சுமார் 1 லிட்டர் உள்ளே போகவேண்டுமாம். இவளுக்குப் பால் போக நாலு மிடறு தேறினாலே பெரிய விஷயம். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறது, மலமும் இறுகி, முக்கி அழுகிறாள்.

ஸ்ட்ரா, பொம்மை போட்ட டம்ளர் எல்லாம் முதல் நாள் மட்டும்தான் எடுபட்டன. ஜூஸ் கலந்து பழக்க மனமில்லை. அப்புறம் வெறும் தண்ணீரைத் தொடவே மாட்டாள்.

பாலைக் கொஞ்சம் குறைத்தால் தானாகக் கேட்பாளா? நீர்ச்சத்துள்ள பழங்கள் எவ்வளவு ஈடுகட்டும்? உங்கள் வீட்டில் எது பலித்தது என்று சொல்லுங்களேன். “வளர்ந்தால் சரியாகிவிடும்” மட்டும் வேண்டாம், அது வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.